மலையில் சரிந்த அணிச்சல் சொன்ன பாடம்

எஸ்.பி.எம். தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் என் அண்ணன் மகளுக்கு மூன்றாவது பிறந்தநாள் வந்தது. "யானை உட்கார்ந்த மாதிரி கேக் வேணும்" என்பதுதான் அவள் கேட்டது. அவள் அம்மாவுக்கோ, கைப்பேசியில் பார்த்த இரண்டடுக்கு அணிச்சல் மீது ஆசை. வழவழப்பான வெள்ளை மேலாடை, அதைச் சுற்றி நட்சத்திரங்கள், உச்சியில் ஒரு குட்டி யானை.

ஈப்போவில் ஒரு கடையில் விசாரித்தோம். 380 ரிங்கிட் என்றார்கள். அந்த வேலைக்கு அது அதிக விலை என்று நான் சொல்லமாட்டேன். அதிலுள்ள உழைப்பு இப்போது எனக்குத் தெரியும். ஆனால் நாங்கள் இருப்பது கேமரன் மலையின் ஒரு தேயிலைத் தோட்டத்தில். 2025-இல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. அந்தக் கணக்கில் பார்த்தால்கூட 380 ரிங்கிட் என்பது ஏறக்குறைய ஆறு நாள் கூலி. அதோடு, வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலையில் அடுக்கு அணிச்சலைக் கொண்டுவந்தால் அது வீடு வந்து சேரும்போது எந்த நிலையில் இருக்குமோ!

"நானே செய்கிறேன்" என்று சொன்னேன். அம்மா சிரித்தார். "படிச்சு முடிச்சவ இனிமே கேக் செய்யத்தான் போறாளா?" என்று பக்கத்து லயத்து அத்தை கேட்டார். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

முதல் தோல்வி

இணையத்தில் ஒரு குறிப்பைப் பார்த்து, சித்தியிடம் ஓவனை இரவல் வாங்கி, ஒரு கிராம்கூடப் பிசகாமல் அளந்து செய்தேன். அணிச்சல் ஓவனுக்குள் அழகாக உப்பி எழுந்தது. பத்து நிமிடத்தில் நடுப்பகுதி கிணறுபோல் உள்வாங்கியது. மறுநாள் மீண்டும் செய்தேன். மீண்டும் அதே கிணறு. குறிப்பு பொய் சொல்கிறது என்றே நினைத்தேன்.

குறிப்பு பொய் சொல்லவில்லை. அது சமவெளிக்கு எழுதப்பட்ட குறிப்பு. நான் மலையில் இருந்தேன்.

தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. அதனால் தண்ணீர் 100 பாகை செல்சியஸுக்குப் பதிலாக 95 பாகை அளவிலேயே கொதித்துவிடும். பேக்கிங் பவுடரிலிருந்து வரும் கரியமிலவாயு, தன்னை அழுத்தும் காற்று குறைவாக இருப்பதால் வேகமாக விரிகிறது. மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே குமிழ்கள் பெருத்து உடைந்துவிடுகின்றன. தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லாமல் நடுப்பகுதி சரிகிறது.

இதை நான் படிவம் 5 இயற்பியலில் படித்திருந்தேன். வளிமண்டல அழுத்தம் பற்றிய கேள்விக்குத் தேர்வில் பதிலும் எழுதியிருந்தேன். ஆனால் நான் பிறந்து வளர்ந்த மலையில், என் வீட்டுச் சமையலறையில் அது நடக்கும் என்று ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை. பாடநூலில் இருந்த மலை வேறு, சன்னலுக்கு வெளியே இருந்த மலை வேறு என்றுதான் இருந்திருக்கிறேன்.

தீர்வு எளிது. ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் தேவைப்படும் இடத்தில் கால் தேக்கரண்டி வரை குறைக்க வேண்டும். ஒரு கோப்பைச் சீனிக்கு ஒரு மேசைக்கரண்டி குறைக்கலாம். மலைக்காற்றில் ஈரம் சீக்கிரம் ஆவியாவதால் ஒரு கோப்பைப் பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி கூட்டிக்கொள்ள வேண்டும். மாவு விரைவாக இறுக, ஓவனின் வெப்பத்தைப் பத்துப் பாகை அளவு உயர்த்த வேண்டும். மூன்றாவது அணிச்சல் சரியவில்லை.

மாவு பிசையத் தெரிந்த கைகள்

அடுத்தது மேலாடை. ஃபாண்டன்ட் என்றால் ஏதோ பெரிய ஓட்டல் சமாச்சாரம் என்று பலர் பயப்படுகிறார்கள். அது பிசைந்து தேய்க்கும் சீனிமாவு, அவ்வளவுதான். ஒரு கிலோ ஐசிங் சீனி, ஒரு மேசைக்கரண்டி ஜெலட்டின், கால் கோப்பைத் தண்ணீர், அரைக் கோப்பை குளுக்கோஸ் பாகு, ஒரு மேசைக்கரண்டி கிளிசரின், கொஞ்சம் வெண்கொழுப்பு. ஜெலட்டினைத் தண்ணீரில் ஊறவைத்து, மெதுவாகச் சூடாக்கிக் கரைத்து, மற்றவற்றைச் சேர்த்துச் சீனியில் ஊற்றிப் பிசைய வேண்டும். ஜெலட்டின் இழுவையைத் தருகிறது. குளுக்கோஸ் சீனி மீண்டும் மணிமணியாகப் படிகமாவதைத் தடுக்கிறது. கிளிசரின் ஈரத்தைப் பிடித்துவைத்து வெடிப்பு விழாமல் காக்கிறது. இது வேதியியல் பாடம்.

நான் திணறியபோது கைகொடுத்தவர் அம்மா. கொழுக்கட்டை மாவும் இடியாப்ப மாவும் பிசைந்த கை அது. "உள்ளங்கையால் அழுத்து, விரலால் பிய்க்காதே. கையில் எண்ணெய் தடவிக்கோ" என்றார். ஃபாண்டன்ட் என்ற சொல்லையே அன்றுதான் கேட்டிருந்தார். ஆனால் மாவின் பதம் அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது. ஒரே ஓர் இடத்தில்தான் அவருடைய வழக்கம் உதவவில்லை. கொழுக்கட்டை மாவை ஈரத்துணியால் மூடுவோம். சீனிமாவை அப்படி மூடினால் கரைந்துவிடும். நெகிழித்தாளால் காற்றுப் புகாமல் சுற்றி வைக்க வேண்டும்.

மேலாடையை எவ்வளவு பெரிதாகத் தேய்ப்பது என்பது கணிதம். 8 அங்குல அகலமும் 4 அங்குல உயரமும் உள்ள வட்ட அணிச்சலை மூட, 8 உடன் இருபக்க உயரமான 4, 4 ஆகியவற்றைக் கூட்டினால் 16. வெட்டிச் சரிசெய்ய இன்னும் ஓர் அங்குலம். ஆக 17 அங்குல வட்டம். 3 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்தால் ஏறக்குறைய 700 கிராம் மாவு வேண்டும். மேலடுக்கு 6 அங்குலம் என்றால் 15 அங்குல வட்டம், ஏறக்குறைய 500 கிராம். மாவுக் கலவையிலும் கணக்கு உண்டு. 6 அங்குலத் தட்டுக்கும் 8 அங்குலத் தட்டுக்கும் இரண்டே அங்குல வித்தியாசம்தானே என்று நினைப்போம். ஆனால் பரப்பளவு 36-க்கு 64 என்ற விகிதத்தில் கூடுகிறது. அதாவது, ஏறக்குறைய 1.8 மடங்கு கலவை தேவை. வட்டத்தின் பரப்பளவு எதற்குப் பயன்படும் என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

வெளியே தெரியாத தூண்கள்

அடுக்கு அணிச்சலைப் பார்ப்பவர்கள் கீழடுக்கு மேலடுக்கைத் தாங்குகிறது என்று நினைக்கிறார்கள். அப்படி விட்டால் மென்மையான கீழடுக்கு அரைமணி நேரத்தில் நசுங்கிவிடும். உண்மையில் பாரத்தைத் தாங்குவது உள்ளே நிற்கும் தூண்கள். பபுள் டீ குடிக்கும் தடித்த உறிஞ்சுகுழாய்கள் நான்கைந்தைக் கீழடுக்கின் உயரத்துக்குச் சமமாக வெட்டி, அதற்குள் செங்குத்தாக இறக்க வேண்டும். மேலடுக்கை ஓர் அட்டைமீது வைத்து, அந்த அட்டையைத் தூண்கள்மேல் அமர்த்த வேண்டும். ஒரு குழாய் சற்று உயரமாக இருந்தாலும் மேலடுக்கு சாய்ந்துவிடும்.

இரண்டு அடுக்கையும் வீட்டிலேயே ஏற்றிவிட்டு வண்டியில் கொண்டுபோகக் கூடாது. தனித்தனியாகக் கொண்டுபோய், விழா நடக்கும் இடத்தில்தான் ஏற்ற வேண்டும். மலைச்சாலையில் வாழ்பவர்களுக்கு இது கட்டாய விதி.

அடுத்து, மூடுபனி. சீனி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. நம் ஊரில் பிற்பகல் மழையும் மாலைப் பனியும் வாடிக்கை. மூன்று நாள் முன்பே யானையைச் செய்து காயவைத்தேன். அது காய்வதாக இல்லை. மாவில் இறுக்கம் தரும் சி.எம்.சி. தூளைச் சேர்த்து இரண்டாவது யானையைச் செய்தபோதுதான் நின்றது. அதிலும் ஒரு தவறு செய்தேன். மேலாடை போட்ட அணிச்சலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, விழாவுக்குச் சற்றுமுன் வெளியே எடுத்தேன். குளிர்ந்த பரப்பில் ஈரக்காற்று பட்டு நீர்த்துளிகள் படிந்தன. யானை வியர்த்தது. தும்பிக்கையின் நுனி கழன்று விழுந்தது. அப்படி வியர்க்கும்போது கையால் தொடாமல் மின்விசிறிக் காற்றில் விட்டுவிட வேண்டும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதைவிட நல்லது, கெட்டுப்போகாத உள்நிரப்பியைப் பயன்படுத்தி, குளிர்சாதனப் பெட்டிக்கே போகாமல் இருப்பது. நம் மலைக்குளிர் அதற்கு உதவும்.

கேமரன் மலையின் பெருமையான ஸ்ட்ராபெரியை ஃபாண்டன்ட் மீது வைக்கலாம் என்று யாருக்கும் ஆசை வரும். வெட்டிய பழத்தின் சாறு சீனியைக் கரைத்துச் சிவப்புக் குழியாக்கிவிடும். பழம் தட்டில் தனியாக இருக்கட்டும்.

யாருக்காகச் செய்கிறோம்?

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்காமல் விடக் கூடாது.

முதலாவது, பிறந்தநாள் விழாவுக்கு யார் யார் வருகிறார்கள்? நம் தோட்டத்து விழாவுக்குத் தமிழர் வருவார்கள், மலாய் நண்பர்கள் வருவார்கள், சீன அண்டைவீட்டார் வருவார்கள். ஜெலட்டின் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. அது மாடாக இருந்தால் நம்மில் பலர் சாப்பிட மாட்டார்கள். பன்றியாக இருந்தால் முஸ்லிம் நண்பர்கள் சாப்பிட முடியாது. சைவ உணவுக்காரருக்கு இரண்டுமே ஆகாது. மார்ஷ்மெல்லோவை உருக்கிச் செய்யும் எளிய ஃபாண்டன்டிலும் ஜெலட்டின் உண்டு. ஆகவே பொட்டலத்தின் பின்பக்கத்தை வாசியுங்கள். ஜாக்கிம் ஹலால் முத்திரை இருந்தாலும் அது மாட்டு ஜெலட்டினாக இருக்கலாம். மீன் ஜெலட்டினைத் தேடலாம். இல்லையென்றால் கடற்பாசியிலிருந்து வரும் அகார் தூளைப் பயன்படுத்தலாம். ஆனால் அகாரைக் கொதிக்க வைத்தால்தான் கரையும். அதே மேசையில் எல்லாரும் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட முடிவதுதான் நல்ல அணிச்சலின் முதல் இலக்கணம் என்பேன்.

இரண்டாவது, சீனி. ஃபாண்டன்ட் ஏறக்குறைய முழுக்கச் சீனிதான். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்கள் ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. நம் இந்தியச் சமூகத்தில் இதன் தாக்கம் அதிகம் என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த செய்தி. அதனால் மேலாடையை மெல்லியதாகத் தேய்ப்போம். உள்ளே இருக்கும் அணிச்சலிலும் நிரப்பியிலும் சீனியைக் குறைப்போம். விழா முடிந்ததும் தட்டுகளைப் பாருங்கள். பாதிப்பேர் மேலாடையை உரித்து ஓரத்தில் வைத்திருப்பார்கள். அப்படியானால் அடுக்கடுக்காக அதை ஏன் போட வேண்டும்? கீழடுக்குக்குப் பட்டர் கிரீம் மட்டும் பூசி, யானை உட்காரும் மேலடுக்குக்கு மட்டும் ஃபாண்டன்ட் போடலாம்.

குழந்தைகளுக்கு ஆபத்தில்லாமலும் இருக்க வேண்டும். யானையின் தலையை உடலோடு இணைக்கப் பல்குச்சி குத்தியிருந்தால், குழந்தையின் கையில் கொடுக்குமுன் எடுத்துவிட வேண்டும். எத்தனை தூண்கள் வைத்தோம் என்று எழுதிவைத்து, வெட்டும்போது அத்தனையையும் எண்ணி எடுக்க வேண்டும். பளபளப்புத் தூளில் "நச்சற்றது" என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. அது உண்ணத்தக்கதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல.

இது நம் பண்பாடா என்று கேட்பவர்களுக்கு

"மெழுகுவர்த்தி ஊதி அணிச்சல் வெட்டுவது வெள்ளைக்காரன் வழக்கம். அதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?" என்று பெரியவர்கள் கேட்பது உண்டு. அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் நம்மைச் சுற்றியுள்ள மலையைப் பாருங்கள். வில்லியம் கேமரன் என்ற ஆங்கிலேய நிலஅளவையாளர் 1885-இல் இந்தப் பகுதிக்கு வந்ததால் இதற்கு அவர் பெயர். 1929-இல் ஜே.ஏ. ரஸல் தொடங்கியது போ தேயிலைத் தோட்டம். தேயிலைச் செடியும் இந்த மலையில் தானாக முளைத்ததன்று. காட்டைத் திருத்தி, செடி நட்டு, கொழுந்து பறித்து, இந்தச் சரிவுகளை நம்முடையதாக ஆக்கியது நம் பாட்டன் பாட்டிகளின் கைகள். எங்கிருந்தோ வந்த ஒன்றைத் தன் கையால் செய்து தனதாக்கிக்கொள்வது நமக்குப் புதிதல்ல. சீனியை அச்சில் வார்த்துப் பொம்மை செய்வதும் பருப்புத்தேங்காய்க் கூம்பை அலங்கரிப்பதும் தமிழ்த் திருமணங்களில் இருந்துவரும் கலைதானே.

சுற்றுப்பயணிகள் இங்கே வந்து ஸ்கோனும் தேநீரும் வாங்கிச் சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த அடுமனைகளில் சாமான் தூக்கும் வேலைக்கு நம் பிள்ளைகள் போகிறார்கள். அடுமனை வைக்கும் பிள்ளைகளாக ஏன் ஆகக் கூடாது?

இதற்குப் பாதை இருக்கிறது. தொழிற்கல்லூரிகளில் அடுமனை, பேஸ்ட்ரி துறையில் டிப்ளோமா வரை படிக்கலாம். சமூகக் கல்லூரிகளில் சான்றிதழ்ப் படிப்பும் அணிச்சல் அலங்காரத்துக்கான குறுகியகாலப் பயிற்சிகளும் நடக்கின்றன. மலேசியத் திறன் சான்றிதழ் வழியாகவும் படிப்படியாக ஏறலாம். வீட்டிலிருந்து விற்க விரும்பினால், 18 வயது நிறைந்ததும் நிறுவன ஆணையத்தில் தொழிலைப் பதிவுசெய்யலாம். உணவு கையாள்வோர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் 2009-ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகளில் வலியுறுத்தப்படுபவை. இவற்றைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

எல்லாரும் அணிச்சல் கடை வைக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. நானே இப்போது பல்கலைக்கழகத்தில் வேறு துறையில் படிக்கிறேன். ஆனால் மருத்துவர், பொறியியலாளர், வழக்கறிஞர் என்ற மூன்று வாசல்களைத் தவிர மற்றவையெல்லாம் பின்வாசல் என்று எண்ணும் மனப்பான்மை நம்மிடம் இருக்கிறது. அதை எதிர்க்கிறேன். பெண்பிள்ளை மட்டும்தான் சமையலறைக்குள் போக வேண்டும் என்ற எண்ணத்தையும் எதிர்க்கிறேன். மேலாடையை ஒரே மூச்சில் தூக்கிப் போர்த்த அன்று எனக்கு உதவியவன் பதினைந்து வயதுத் தம்பி. அவன் கை என் கையைவிட நிதானமானது.

கடன் வாங்கி அடுக்காதீர்கள்

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மற்றவர் விழாவில் மூன்றடுக்கு என்றால் நம் விழாவில் நான்கடுக்கு என்ற போட்டி தோட்டங்களிலும் வந்துவிட்டது. மூன்று வயதுக் குழந்தைக்கு அடுக்கின் எண்ணிக்கை தெரியாது. அது பெரியவர்களுக்கும் கைப்பேசித் திரைக்குமான போட்டி. அதற்காகக் கடன் வாங்கும் பெற்றோரிடம் "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை படித்த பிள்ளைகளாகிய நமக்கு உண்டு. சொல்வதோடு நிற்காமல் "நான் செய்து தருகிறேன்" என்று முன்வந்தால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு கூடும். எனக்குப் பொருள்களுக்கு மட்டும் 110 ரிங்கிட் ஆனது. சரிந்துபோன இரண்டு அணிச்சல்களையும் சேர்த்த கணக்கு இது. அவற்றையும் வீணாக்கவில்லை. தம்பியின் நண்பர்கள் தேநீரோடு தின்று தீர்த்தார்கள்.

மாணவ நண்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நான் தேடியபோது மலையில் அணிச்சல் சுடுவதற்கான குறிப்பு தமிழில் ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் கிடைத்தவை அமெரிக்க மலைகளுக்கு எழுதப்பட்டவை. அங்கே காற்று வறண்டது. இங்கே பனி மூடியது. பிரிஞ்சாங்கிலும் ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் உயரம் வேறு வேறு. ஆகவே அளவும் சற்று மாறும். இதை வேறு யாரும் நமக்காக எழுதித்தர மாட்டார்கள். பள்ளி அறிவியல் கழகத்தில் இதையே ஒரு செயல்திட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கலவையைப் பேக்கிங் பவுடர் அளவை மட்டும் மாற்றி நான்கு முறை சுட்டு, உயரத்தை அளந்து, தமிழில் எழுதிவையுங்கள். உங்கள் ஊர் எதுவாக இருந்தாலும், உங்கள் ஊருக்கென்று ஒரு குறிப்பேடு இருக்கட்டும்.

என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இரண்டு தோல்விகள் இருக்கின்றன. பக்கத்து லயத்து அத்தை போன மாதம் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார். பேரனுக்குப் பிறந்தநாளாம்.

அன்று என் அண்ணன் மகள் என்ன செய்தாள் தெரியுமா? அடுக்குகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நுனி உடைந்த தும்பிக்கையோடு இருந்த யானையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "சாப்பிடாதீங்க, அது தூங்குது" என்றாள். ஒரு வாரம் அந்த யானை எங்கள் வீட்டு அலமாரியில் தூங்கியது.